பிள்ளைகளை நாட்டை விட்டுக் கொண்டுபோவதை நீதிமன்றம் தடுக்குமா?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன். சீனக்குடாவில் ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகிப் பதினொரு வருடம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. போன சித்திரைக்குப் பிறகு மனைவி பிள்ளைகளோடு சாம்பல்தீவில் தாய்வீட்டில் இருக்கிறா. விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. வேலை இல்லாத நாட்களில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். மாதக் கடைசியில் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் போவதாக மனைவி சொல்கிறா. ஆனால் மகளின் வகுப்பு ஆசிரியை என்னைக் கண்டபோது, "விடுகைப் பத்திரம் கேட்டிருக்கிறீங்களே, எங்க மாறிப் போறீங்க?" என்று கேட்டா. லண்டனில் இருக்கும் மச்சான்தான் எல்லாம் ஒழுங்கு செய்கிறாராம். பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்கு முன்பொருமுறை நானே சம்மதக் கடிதம் கொடுத்தேன், திருச்செந்தூர் போவதற்காக. பொலிஸில் சொன்னால் குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். கூட்டாளிமாரோ "தகப்பனுக்குத்தான் உரிமை, பள்ளிக்கூட வாசலில் வைத்தே கூட்டிக்கொண்டு வா" என்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் கோபத்தில், "பிள்ளைகளையும் கொண்டு எங்கயாவது போய்த் தொலை" என்று மனைவிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிவிட்டேன். நீதிமன்றத்தால் இந்தப் பயணத்தைத் தடுக்க முடியுமா?

பதில்: தடுக்க முடியும், தம்பி. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவசரம் என்று நீதிபதியை நம்பவைத்தால், பிள்ளைகளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற தடையுத்தரவு மனுவை எடுத்துக்கொள்ளும் அன்றைக்கே கிடைக்கவும் கூடும். அதற்கு மாதக் கடைசி வரை காத்திராதீர்கள். இந்தக் கிழமைக்குள் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் லண்டன் அல்ல, சென்னை.

ஒரு பெற்றோர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், பிள்ளை வழமையாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவதற்கென்று 1980இல் ஹேக் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்யப்பட்டது. இலங்கை 2001இல் அதில் சேர்ந்தது. அதற்காக அதே வருடம் 10ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டுவந்தது. பிரித்தானியாவும் அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. பிள்ளைகள் நேரே லண்டன் போய் இறங்கினால், நம்முடைய நீதி அமைச்சு வழியாக விண்ணப்பித்து, அங்குள்ள நீதிமன்றத்தில் "இவர்களைத் திருகோணமலைக்கே திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்க ஒரு பாதை இருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சென்னையில் பிள்ளைகள் தங்கிவிட்டால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். நீங்கள் அங்கே போய், அங்கே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளைகளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தும்படி கேட்கும் மனு, போட வேண்டிவரும். வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவைத் தாம் கவனத்தில் எடுக்கும் காரணங்களில் ஒன்றாக மட்டுமே பார்ப்போம், பிள்ளையின் நலனைத் தாமே தீர்மானிப்போம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே கையில் உத்தரவோடு போனாலும் அங்கே வழக்கை அடியிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். ஷிப்ட் வேலை செய்கிற ஒருவரால் எத்தனை தவணைக்கு விமானம் ஏற முடியும்? ஆகவே எதைச் செய்வதானாலும் பிள்ளைகள் இங்கே இருக்கும்போதே செய்ய வேண்டும்.

சட்டத்தரணி உங்களுக்காகப் போடப்போவது பிள்ளைகளின் கட்டுக்காப்பு (அவர்கள் யார் பொறுப்பில் வாழ்வது) பற்றிய ஒரு மனுவும் அதோடு இணைந்த சத்தியக் கடதாசியும். அதில் இறுதியாகக் கேட்பது வேறு, உடனே கேட்பது வேறு. உடனே கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் இந்த இரண்டு பிள்ளைகளையும் இலங்கைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, பிள்ளைகளின் கடவுச்சீட்டுகள் நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், இந்தக் கட்டளை குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். மனைவி வெளிநாடு போவதைத் தடுக்கும்படி கேட்காதீர்கள். வயது வந்த ஒருவரின் பயணத்தை மறிக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கேட்டால் நீதிபதிக்கு உங்கள் மனுவின் மீதே சந்தேகம் வந்துவிடும்.

கட்டுப்பாட்டாளர் நாயகம் என்ற பெயரை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பலபேர் "கட்டுநாயக்காவில் மறியுங்கள்" என்று கேட்டு உத்தரவு வாங்குகிறார்கள். சென்னைக்குப் பலாலியிலிருந்தும் விமானம் போகிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். நாட்டின் எல்லா வெளியேறும் இடங்களுக்கும் பொருந்தும்படி உத்தரவு எழுதப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றும் அதில் பிழையில்லாமல் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் பழைய போட்டோப் பிரதி வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். பிறப்புச் சான்றிதழில் 'சிவ' என்றும் கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருப்பது நம்மவர் பெயர்களில் சாதாரணம். ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் கவுண்டரில் இருக்கும் உத்தியோகத்தரின் கணினியில் அந்தப் பெயர் வராமல் போகலாம். நம் நீதிமன்றத்தில் நடவடிக்கை தமிழில் நடக்கும், உத்தரவும் தமிழில் இருக்கும். பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அதை வாங்குகிறவர் உடனே வாசிக்கும்படி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த ஆங்கில அல்லது சிங்கள மொழிபெயர்ப்பையும் உறுதிப்படுத்திய பிரதியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். கையில் கொடுத்து, கிடைத்தது என்று முத்திரை குத்திய பிரதி ஒன்றைத் திருப்பி வாங்குங்கள். இரவு இங்கே வான் பிடித்தால் விடியுமுன் கட்டுநாயக்காவில் நிற்கலாம். உங்கள் உத்தரவு அந்த வானுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

மறுதரப்புக்கு அறிவிக்காமல் தரப்படும் முதல் தடையுத்தரவு 14 நாட்களுக்கு மேல் நீடிக்காது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை சொல்கிறது. போதிய காரணம் இருந்தால் அதை எழுத்தில் பதிந்து, ஒவ்வொரு முறையும் 14 நாட்களுக்கு மேற்படாமல் நீட்டலாம். இதற்கிடையில் மனைவிக்கு அறிவித்தல் போகும், அவர் தன் ஆட்சேபணையைச் சொல்வார், அதற்குப் பிறகுதான் இடைக்காலத் தடைக்கட்டளை தருவதா என்ற விசாரணை. இந்தத் திகதிகளை நீங்களும் எழுதி வையுங்கள். உத்தரவு முடியும் நாளில் யாரும் நீட்டக் கேட்காவிட்டால் அது அன்றோடு செத்துவிடும், விமான நிலையத்தில் யாரும் உங்களுக்காக அதை ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை.

இனி அந்தக் குரல்பதிவு.

அதைப் பற்றி நீங்களே எழுதியதற்கு நன்றி. சட்டத்தரணியிடமும் மறைக்காதீர்கள், சத்தியக் கடதாசியிலும் மறைக்காதீர்கள். மறுதரப்பு இல்லாத நேரத்தில் போய் உத்தரவு கேட்கிறவர் தனக்குப் பாதகமானதையும் சேர்த்து முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்பது நமது நீதிமன்றங்கள் மிகக் கண்டிப்பாகப் பார்க்கிற விதி. மனைவியின் சட்டத்தரணி அடுத்த தவணையில் எழும்பி, கைபேசியை நீட்டி, "கனம் நீதிபதி அவர்களே, போகச் சொன்னவரே இவர்தான்" என்று சொன்னால், தடையுத்தரவு கலைக்கப்படுவதற்கு அந்த ஒரு மறைப்பே போதும். நீங்களே முந்திக்கொண்டு, "இந்த நாளில், இந்தச் சண்டைக்குப் பிறகு, கோபத்தில் இப்படிச் சொன்னேன், அதை நான் சம்மதமாகச் சொல்லவில்லை" என்று திகதியோடு எழுதினால், அது ஒரு கோபப் பேச்சாகவே நிற்கும். ஹேக் உடன்படிக்கை வழக்கிலும் இதே சங்கடம் வரும். மற்றப் பெற்றோர் சம்மதித்தார், அல்லது போன பிறகு ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தார் என்று காட்டினால், பிள்ளையைத் திருப்பி அனுப்ப வெளிநாட்டு நீதிமன்றம் மறுக்கலாம். பிள்ளை போய் ஒரு வருடம் தாண்டி, அங்கே ஊன்றிவிட்டது என்று காட்டினாலும் மறுக்கலாம். இன்றைக்கே மனைவிக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். திட்டாமல், கெஞ்சாமல் இரண்டு வரி: "பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நான் சம்மதிக்கவில்லை. போக வேண்டுமென்றால் முதலில் என்னோடு கதையுங்கள்." இப்படி எழுதினால் பயணத்தை முந்திவிடுவார் என்று உங்கள் சட்டத்தரணி நினைத்தால் மட்டும், உத்தரவு கைக்கு வரும்வரை பொறுத்து அனுப்புங்கள்.

கடவுச்சீட்டுக்குக் கொடுத்த சம்மதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். நீங்கள் கொடுத்தது அந்தச் சம்மதம். அது கடவுச்சீட்டு எடுப்பதற்கான சம்மதமே தவிர, பிள்ளைகள் நாட்டைவிட்டுக் குடிபெயர நீங்கள் கொடுத்த அனுமதி அல்ல. திருச்செந்தூர் போவதற்காக என்பதைக் காட்ட அந்த நேரத்துச் செய்திகள், பயண ஏற்பாட்டுச் சிட்டைகள் எதுவும் இருந்தால் எடுத்து வையுங்கள். திணைக்களத்துக்குச் சம்மதத்தை வாபஸ் பெறுவதாக ஒரு கடிதம் எழுதலாம், தவறில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி நித்திரை கொள்ளாதீர்கள்.

கூட்டாளிமாரின் யோசனைக்கு என் பதில்: செய்யாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு வாசலுக்கு வரும்போது அப்பா கையைப் பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏற்ற, அம்மம்மா குழறிக்கொண்டு பின்னால் ஓடிவர, வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாள் அதே வாசலால் எப்படி உள்ளே போகும்? வழக்கும் தலைகீழாகிவிடும். இதுவரை பிள்ளைகளை இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப் பார்க்கிறவர் மனைவி. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தால் பெயர்த்தவர் நீங்கள். மாகாண மேல் நீதிமன்றத்தில் அவர் உங்களுக்கு எதிராகவே ஆட்கொணர்வு மனுப் போடலாம்.

"தகப்பனுக்குத்தான் உரிமை" என்பதும் பாதிக் கதை. நமது நாட்டில் இந்த விஷயத்தில் இன்னும் உரோம டச்சுச் சட்டம்தான் அடிப்படை. கல்யாணம் நிலைத்திருக்கும்போது தகப்பனே இயற்கைப் பாதுகாவலர் என்று அது சொல்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கெல்லாம் மேலான பாதுகாவலர் நீதிமன்றமே. பிள்ளையின் நலன் தகப்பனின் உரிமைக்கு மேல் என்று நம் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. சிறு பிள்ளைகள், அதிலும் ஐந்து வயது மகன், பெரும்பாலும் தாயோடு இருப்பதே நல்லது என்ற எண்ணம் நீதிபதிகளிடம் வலுவாக உண்டு. உரிமை என்று பேசத் தொடங்கினால் அந்த மேடையில் நீங்கள் தோற்கவும் கூடும். (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இதில் வருமா என்று சிலர் கேட்பார்கள். அது சொத்துப் பற்றியது, பிள்ளைகளின் கட்டுக்காப்பை அது தீர்மானிப்பதில்லை. முஸ்லிம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: விவாகரத்தைக் காதி நீதிமன்றம் பார்த்தாலும் பிள்ளைகளின் கட்டுக்காப்பு மாவட்ட நீதிமன்றத்துக்கே வர வேண்டும்.)

நீதிபதி உங்களிடம் கேட்கப்போவது வேறு கேள்விகள். பிள்ளைகள் காலையில் யார் கையால் சாப்பிடுகிறார்கள்? மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே, டியூஷனுக்கு யார் கூட்டிப் போவது? மகனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி யாரிடம் இருக்கிறது? நீங்கள் இரவு ஷிப்டில் நிற்கும் நாளில் வீட்டில் யார்? இவற்றுக்கு உண்மையான பதிலோடு போங்கள். வேலைத்தள அட்டவணையைப் பிரதி எடுங்கள். பிள்ளைகளுக்காகப் பணம் அனுப்பிய வங்கிச் சிட்டைகளை எடுங்கள். அனுப்பாமல் இருந்தால் இன்றைக்குத் தொடங்குங்கள், வழக்குக்காக மட்டுமல்ல. வகுப்பு ஆசிரியையை சாட்சிக்கு இழுத்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். விடுகைப் பத்திரம் கேட்ட கடிதத்தை அதிபரிடமிருந்து பெறும்படி நீதிமன்றத்தையே உங்கள் சட்டத்தரணி கேட்கலாம். அந்த விண்ணப்பம்தான் உங்கள் கையில் உள்ள பலமான சான்று. கல்யாணத்துக்குப் போகிறவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்க மாட்டார்.

நீதிமன்றம் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரை இரண்டு வீட்டுக்கும் அனுப்பி அறிக்கை கேட்கலாம், குடும்ப ஆலோசகரிடம் உங்கள் இருவரையும் அனுப்பலாம், மகளைத் தன் அறைக்குள் கூப்பிட்டு நீதிபதியே கதைக்கலாம். அந்த நாளுக்காக மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். "யாரோடு இருக்க விருப்பம்?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் அவளிடம் கேட்கவே கூடாது.

மனைவியின் பக்கத்தையும் நான் யோசிக்க வேண்டும். உங்கள் கடிதம் ஒரு பக்கம்தான், அவர் ஏன் தாய்வீட்டுக்குப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. குடியோ அடிதடியோ இருந்திருந்தால், அவர் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அப்படி ஒரு வரலாறு இருந்தால் உங்கள் தடையுத்தரவு வேறு வெளிச்சத்தில் பார்க்கப்படும். பார்க்கப்படவும் வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை, தமையன் கூப்பிடுகிறார், பிள்ளைகளுக்கு நல்ல படிப்புக் கிடைக்கும் என்பதுதான் காரணம் என்றால், அதுவும் இழிவான காரணம் அல்ல. நம் ஊரில் எத்தனை குடும்பம் அப்படிப் போயிருக்கிறது. ஒரு தாய் பிள்ளைகளோடு இடம்பெயர நீதிமன்றம் அனுமதி கொடுப்பதைத் தடுக்க நமக்குத் தனிச்சட்டம் எதுவும் இல்லை. நீதிபதி எல்லாவற்றையும் எடைபோட்டு, நிபந்தனைகளோடு போக விடலாம். அப்படிப் போகும் நாள் வந்தாலும், முகவரி தெரிந்து, கிழமைக்கு இத்தனை முறை காணொளி அழைப்பு, பள்ளி விடுமுறைக்கு உங்களிடம் வருவது, டிக்கெட் செலவு யாருடையது என்று எல்லாம் கட்டளையில் எழுதப்பட்டுப் போக வேண்டும். அதேபோன்ற உத்தரவை அந்த நாட்டு நீதிமன்றத்திலும் பெற்றுவைத்தால் இன்னும் பலம்.

சென்னைக் கல்யாணம் உண்மையாகவே இருக்கிறதா? இருந்தால் அதற்கும் ஒரு வழியை நீங்களே முன்வைக்கலாம். போய்வரும் திகதி, இரண்டு பக்க டிக்கெட், தங்கும் முகவரி, திரும்பி வந்ததும் கடவுச்சீட்டைப் பதிவாளரிடம் ஒப்படைப்பது, வராவிட்டால் பொறுப்பேற்க ஊரில் சொத்துள்ள ஒருவரின் பிணைமுறி. மச்சான் அந்தப் பிணைமுறியில் கையெழுத்து வைக்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே பயணத்தின் நோக்கம் தெரிந்துவிடும். என் மனதுக்குப் பட்டதைச் சொன்னால், விடுகைப் பத்திர விஷயம் தெளியும்வரை இந்தியப் பயணத்துக்கு நீங்கள் உடன்படக் கூடாது. ஹேக் உடன்படிக்கை இல்லாத நாட்டுக்குப் போகும் பிள்ளையைத் திருப்ப அந்தப் பிணைமுறிப் பணத்தால் மட்டும் முடியாது.

உத்தரவை மீறினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நீதிமன்ற அவமதிப்பு, சிறைவரை போகலாம். பிள்ளைகளின் தாய் சிறைக்குப் போவதில் உங்களுக்கு வெற்றி எதுவும் இல்லை. ஆகவே உத்தரவு கிடைத்ததும் அதை அவருக்கு ஒழுங்காகச் சேர்ப்பியுங்கள். மாமியிடமும் மரியாதையாகச் சொல்லி வையுங்கள். மீற வேண்டிய நிலையே வராமல் பார்ப்பது உங்களுக்கும் நல்லது.

இதை உங்கள் மனைவியும் வாசிக்கக் கூடும். தங்கச்சி, நீங்கள் போக நினைத்தால் ஒளித்துப் போகாதீர்கள். அதே மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே முன்னால் போய் அனுமதி கேட்கலாம். காரணம் நியாயமாக இருந்தால் அனுமதி கிடைக்க இடம் உண்டு. அனுமதியோடு போன தாயை லண்டன் நீதிமன்றம் பார்க்கும் பார்வை வேறு, ஒளித்துப் போன தாயைப் பார்க்கும் பார்வை வேறு.

தம்பி, சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக வழக்குப் பேசுவார்கள். விவாகச் சான்றிதழ், இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் அடையாள அட்டை, சம்பளச் சிட்டை, அந்தக் குரல்பதிவு இருக்கும் கைபேசி, இவ்வளவையும் கையோடு கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்காமல் நாளைக் காலையிலேயே போங்கள். வெள்ளி பின்னேரம் கையில் கிடைக்கிற உத்தரவைத் திங்கட்கிழமைக்கு முன் பத்தரமுல்லையில் வாங்க ஆள் இருக்காது.